நடந்து வந்தாளா, தூக்கிட்டு வந்தீங்களா?

எலும்பு டாக்டர் பொழப்புன்னா கத்தி புடிக்கற பொழப்புன்னு வெளியில இருந்து பாக்கறவங்க நெனைப்பாங்க; உள்ள வந்து பாத்தா, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டு வாய் வலிக்கற பொழப்புங்க. திருப்பூர்ல இத்தனை வருசமா நான் அதிகமாக் கேட்டது ஒரே கேள்விதான். “நடந்து வந்தானா, தூக்கிட்டு வந்தீங்களா?”

ஊட்டுல பத்து வயசு தாண்டுன புள்ளைங்களை வெச்சிருக்கறவங்க எல்லாரும் என் கட்சி. திடுதிப்புன்னு வளருவாங்க, தைச்ச துணி அடுத்த மாசம் பத்தாது. “கால் வலிக்குது”ம்பாங்க. “வளர்ற வயசு, அப்படித்தான் இருக்கும்”னு சொல்லி நாமளும் தைலத்தைத் தேச்சு விட்ருவோம். பெரும்பாலும் அது அப்படித்தான். எப்பவாவது ஒண்ணு அப்படி இருக்காது. தொடையெலும்பு மேல் நுனியில ஒரு உருண்டை இருக்கு. அதுக்குக் கீழ, எலும்பு வளர்றதுக்குன்னே மெத்துன்னு ஒரு தட்டு. அந்த வயசுல தட்டு இளகிப்போச்சுன்னா, குடத்து மேல வெச்ச சொம்பு சரியற மாதிரி உருண்டை ஒரு பக்கமாச் சரிஞ்சுரும். கைத்தடி புடிச்சாவது காலை ஊணி நடக்க முடிஞ்சா சரிவு நிதானமா இருக்குன்னு அர்த்தம். ஒரு ஸ்க்ரூ போட்டு நிறுத்திக்கலாம். ஊணவே முடியலைன்னா உருண்டை ஆடிக்கிட்டிருக்கு. அதுக்குப் போற ரத்தம் நின்னு, உருண்டையே செத்துப் போகலாம். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டல்தான். அதனாலதான் அந்தக் கேள்வி.

தர்ஷினின்னு ஒரு புள்ளை. சோமனூர்ல தறி ஓட்டற பழனிசாமியோட ஒரே பொண்ணு. அவளோட அந்த உருண்டை பொழைக்குமா போகுமான்னு என்னைக் கொஞ்ச நஞ்ச நாளா அல்லாட வெச்சா? போன வாரம் வந்துட்டுப் போனா. அவ போனதுல இருந்து பழசெல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு ஞாபகத்துக்கு வருது. அவ கதைக்கு முன்னாடி, அந்த ஒத்தைக் கேள்வியை வெச்சுக்கிட்டு நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்க.

பெரிய டாக்டர்

நான் படிச்சு முடிச்சு ஊருக்கு வந்த புதுசு. ஆஸ்பத்திரி அப்ப ஒரு சந்துக்குள்ள, பழைய மாடிக் கட்டடம். பின்னாடியே பனியன் கம்பெனி. நிட்டிங் மெஷின் நாள் பூரா ஓடும்; கரண்ட் போனாத்தான் நோயாளி பேசறது காதுல விழும். அப்பல்லாம் அந்தச் சத்தத்தைத் திட்டாத நாள் கிடையாது. இப்ப அது இல்லாம என்னமோ மாதிரி இருக்குங்க.

ஒருத்தர் மகனுக்கு முழங்கால் வலின்னு கூட்டிட்டு வந்தாரு. பையன் நடந்துதான் வந்தான். படுக்க வெச்சு, முழங்காலை மடக்கி வயித்துப் பக்கம் கொண்டு போனேன். தொடை நேரா வராம, தானா வெளிப்பக்கம் திரும்புச்சு. எனக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. கோளாறு இடுப்புல. இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பு போறதால வலி மட்டும் கீழ தெரியுதுன்னு அவருக்குப் பொறுமையா எடுத்துச் சொன்னேன். படம் வேற போட்டுக் காட்டுனேன். அவரும் “சரிங்க, சரிங்க”ன்னு தலையாட்டிக் கேட்டுக்கிட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, என்னை ஒருக்கா மேலயும் கீழயும் பாத்துட்டுச் சொன்னாரு:

“நீங்க சொல்றது எல்லாம் சரிதானுங்கம்மா. பெரிய டாக்டர் வந்துட்டாருன்னா நாங்க முழங்காலைக் காட்டிட்டுக் கெளம்பிருவோமுங்க.”

பஞ்சு

அப்பெல்லாம் எக்ஸ்ரேன்னா பிலிம். கழுவி, கிளிப்புல மாட்டி, ஃபேனுக்கு அடியில காய வைக்கணும். பின்னாடி கம்பெனியில இருந்து பஞ்சு பறந்து ஜன்னல் வழியா வரும். எங்க டீயில பஞ்சு, தலையில பஞ்சு, காயற பிலிம்லயும் பஞ்சு.

காஞ்ச பிலிமை விளக்கு முன்னாடி வெச்சு, எலும்போட கழுத்து மேல் ஓரமா ஸ்கேலை வெச்சுப் பென்சில்ல ஒரு கோடு போடுவேன். அந்தக் கோடு உருண்டையைக் கொஞ்சமாவது வெட்டணும். வெட்டாம மேலாலயே போனா, உருண்டை சரிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஒரு நாள் ஒரு பொண்ணு படத்துல கோடு சரியா வெட்டுது, ஆனா கழுத்துக்குக் குறுக்க கறுப்பா மெல்லிசா ஒரு கீறல். அவங்கம்மாவைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, எப்படி ஆரம்பிக்கறதுன்னு தண்ணியெல்லாம் குடிச்சுட்டு, “எலும்புல ஒரு கீறல் மாதிரி”ன்னு வாயைத் தொறக்கறேன், எக்ஸ்ரே எடுக்கற நடராசு உள்ள வந்தாரு. பிலிமை எடுத்து நகத்தால ஒரு சொரண்டு சொரண்டுனாரு. அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு இருக்காங்க.

“அது கம்பெனிப் பஞ்சுங்கம்மா. எலும்புக்கு ஒண்ணுமில்லீங்க.”

வாசல்ல செருப்பு

பழைய கட்டடத்துல என் ரூமுக்குள்ள செருப்போட யாரும் வர மாட்டாங்க. சொல்லவே வேண்டாம், வாசல்லயே கழட்டிருவாங்க. அதுக்குன்னே என் நாற்காலியை வாசல் நேராத் தெரியற மாதிரி போட்டு வெச்சிருந்தேன். வார் வெச்ச செருப்பைக் கழட்டணும்னா ஒத்தைக் கால்ல நிக்கணும் பாருங்க. வலிக்கற கால்ல நின்னு அடுத்த கால் செருப்பைக் கழட்டற புள்ளையைப் பத்தி எனக்குக் கவலையில்லை. நிதானமாப் பாத்துக்கலாம். செவுத்தைப் புடிச்சுட்டு, வலிக்கற காலைத் தரையில வைக்காம நிக்கற புள்ளையைப் பாத்தா நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சு ஓடுவேன். எந்தக் காலேஜ்லயும் சொல்லித் தராத பரிசோதனைங்க அது.

அப்புறம் இப்ப இருக்கற புதுக் கட்டடம் வந்துச்சு. கண்ணாடிக் கதவு, பளபளன்னு டைல்ஸ், அதோட “காலணியுடன் உள்ளே வரலாம்”னு ஒரு போர்டு. எல்லாரும் டக்கு டக்குன்னு செருப்போட உள்ள வர்றாங்க. என் பரிசோதனை அன்னையோட போச்சு. மேனேஜர்கிட்டச் சண்டை போட்டேன். பெரிய ஆஸ்பத்திரிகள்ல இப்படித்தான் மேடம்னுட்டாரு. நான் கடுகடுன்னு உக்காந்திருந்ததைப் பாத்து, அந்தக் காலத்துல இருந்து என்கூட இருக்கற சிஸ்டர் ஈஸ்வரி வழி சொன்னா:

“வாசல்ல ஒரு முருகன் படத்தை மாட்டிரலாமுங்கம்மா. போர்டு என்ன சொன்னாலும் தானாக் கழட்டிருவாங்க.”

பெரிய எலும்பு

ஊத்துக்குளியில இருந்து ஒரு அம்மாவும் மகனும். பையன் நல்ல வாட்டசாட்டம். ஸ்க்ரூ போட்டு முடிஞ்சுது, நல்லாவும் இருக்கான். எடையைக் கொஞ்சம் கொறைச்சா அடுத்த பக்க இடுப்புக்கு நல்லதுன்னு சொன்னேன். எடை மெஷினைக் கண்டா நானே வேற பக்கம் திரும்பிக்கறவ, அதனால பக்குவமாத்தான் சொன்னேன். அந்தம்மாவுக்கு மூஞ்சி சுருங்கிருச்சு. எனக்குக் குடுக்கன்னு கொண்டு வந்திருந்த நெய் டப்பாவைக் கூடக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டாங்க. “எங்க ஊட்டுல எல்லாருக்குமே எலும்பு பெருசுங்க, எடையெல்லாம் எலும்புதானுங்க”ன்னாங்க.

விடுவனா நான்? எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டி, பாருங்க, எல்லாப் புள்ளைங்களுக்கும் இருக்கற எலும்புதான் உங்க பையனுக்கும்னேன். கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பாத்தாங்க.

“படத்துல எலும்பு முழுசா உளுகலையாட்ட இருக்குதுங்க.”

கூட்டலும் கழித்தலும்

திருப்பூர்ல டாக்டரா இருக்கணும்னா கணக்குத் தெரியணும், யாரு சொல்றதுல எவ்வளவு கழிக்கணும், எவ்வளவு கூட்டணும்னு. தெக்க இருந்து வந்து பனியன் கம்பெனியில வேலை செய்யற அம்மா ஒருத்தர், “எம்புள்ள செத்துப் பொழைச்சு வந்திருக்கான் டாக்டரம்மா, உசுரு ஊசலாடுது”ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு வருவாங்க. பின்னாடியே அந்தப் பையன் ஐஸ் சப்பிக்கிட்டு ஓடி வருவான். வடக்க இருந்து வந்த ஒரு அப்பா, “உட் நஹீ பா ரஹா, மேடம்” அப்படின்னாரு. எந்திரிக்க முடியலையாம், அவ்வளவுதான். போய்ப் பாத்தா நெசமாவே முடியலை. அவருகிட்டக் கூட்டல் கழித்தல் எதுவும் தேவைப்படலை.

எங்க ஊர்க்காரங்ககிட்டத்தான் எனக்குத் தாவு தீந்துரும். டாக்டர் முன்னாடி “முடியலை”ன்னு சொல்றது மரியாதைக் கொறைச்சல்னு எங்க ஆளுங்களுக்கு ஒரு நெனைப்பு. கால் தனியாக் கழண்டு வந்தாலும் “பரவால்லீங்க”ம்பாங்க. ஒரு அம்மாகிட்ட, பையன் ராத்திரி தூங்குனானான்னு கேட்டேன். தூங்குனானுங்கன்னாங்க. நல்லாத் தூங்குனானான்னு கேட்டேன்.

“நல்லாத்தானுங்க தூங்குனான். அழுதுட்டே தூங்குனானுங்க.”

“எந்திரி கண்ணு”

இனி தர்ஷினி. கொஞ்ச நாளாவே முழங்கால் வலின்னு சொல்லிட்டு இருந்திருக்கா, லேசாச் சாஞ்சு நடந்திருக்கா. அன்னைக்குக் காலைல ஸ்கூல் வேனுக்குப் போறப்ப ஊட்டு வாசப்படியில தடுக்கி உக்காந்துட்டா. பெருசா விழக் கூட இல்லை. பழனிசாமி பக்கத்து ஊட்டுக் காரைக் கேட்டு வாங்கிக் கூட்டிட்டு வந்துட்டாரு. ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம ஆளுங்க வீல்சேர்ல உக்கார வெச்சுத் தள்ளிட்டு வந்தாங்க. என் ரூமுக்கு வெளியில வந்ததும் அவரு வண்டியை நிறுத்திட்டாரு. “டாக்டரம்மா முன்னால வண்டியில உக்காந்துட்டா போவாங்க? எந்திரி கண்ணு”ன்னு அவ கக்கத்துல கையைக் குடுத்துத் தூக்கறாரு. எனக்கு மரியாதை பண்றாராம்!

“யாரும் அவளைத் தொடாதீங்க! உக்கார வைங்க!”ன்னு நான் போட்ட சத்தத்துல வெளியில இருந்த கூட்டமே வாயை மூடிருச்சு. புள்ளையைப் பாத்தா மேலுதட்டுல முத்து முத்தா வேர்வை. தடுக்குனப்புறம் நடந்தாளான்னு கேட்டேன். “நடந்தாளுங்க”ன்னாரு. எப்படி நடந்தான்னேன். “பரவால்லீங்க, நல்லாத்தானுங்க நடந்தா”ன்னாரு. நடந்திருந்தா நாளைக்கு நிதானமா ஸ்க்ரூ போடலாம். நடக்கலைன்னா இப்பவே ஓடணும். நான் அவளுக்கு நேரா உக்காந்து, “நீ சொல்லு கண்ணு, காலைத் தரையில ஊணுனியா?”ன்னு கேட்டேன். அவ அப்பாவைப் பாத்தா. அப்புறம் மெதுவா, “இல்லீங்க, அப்பாதான் காருக்கும் தூக்கிட்டு வந்தாருங்க. நடன்னு சொன்னாருங்க, முடியலீங்க”ன்னா.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பொய் சொல்ற எடமா இது, புள்ளை கால் போயிருக்குமேன்னு கத்துனேன். பழனிசாமி துண்டை எடுத்துக் கையில புடிச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சாரு.

“காலைல வந்ததும் வராததுமா முடியலைன்னு சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதானுங்கம்மா.”

அந்த நூல்

அன்னைக்கு மத்தியானமே அவளை ஆபரேஷனுக்குக் கொண்டு போயிட்டோம். உருண்டையை முரட்டுத்தனமாத் தள்ளக் கூடாது. மெதுவா, அதுவா எவ்வளவு தூரம் வருதோ அவ்வளவுதான். மூட்டுக்குள்ள கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து விட்டு ஸ்க்ரூவை எறக்குனோம். ஸ்க்ரூ நல்லாப் புடிச்சுக்கிச்சு. ஆனா எங்களுக்கு உசுரு போறது அதுக்கப்புறம்தாங்க.

வெளியில பழனிசாமி நின்னுட்டிருந்தாரு, தறியில இருந்து அப்படியே வந்தவரு, காதோரமெல்லாம் பஞ்சு. மறைக்காமச் சொன்னேன். உருண்டைக்கு நூல் மாதிரி மெல்லிசா ரத்தக் குழாய் போகுது, அது அந்து போயிருக்கா இல்லையான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது, மாசக் கணக்காகும். அந்து போயிருந்தா உருண்டை கொஞ்சம் கொஞ்சமா நசுங்கிரும், புள்ளை நொண்டித்தான் நடப்பா. அதுவரைக்கும் காலை ஊணக் கூடாது, எக்ஸ்ரே எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும். அவரு “பரவால்லீங்க”ன்னு சொல்லுவாருன்னு எதிர்பாத்தேன். அன்னைக்கு அவரு அதைச் சொல்லலை.

“தறியில நூல் அந்தா நிறுத்தி முடி போட்டு ஓட்டிருவோமுங்க. இதுக்கு முடி போடற ஆளு எந்த ஊர்லயாச்சும் இருக்காங்களாங்க? எங்கன்னாலும் நான் தூக்கிட்டுப் போறேனுங்க.”

சென்னிமலைப் படி

அதுக்கப்புறம் அவ எக்ஸ்ரேக்கு வர்ற நாள்னா எனக்குக் காலைல இட்லி எறங்காது. செத்த எலும்பு படத்துல வெள்ளை வெளேர்னு தெரியும். இப்பெல்லாம் பிலிம் காய வைக்கற வேலை இல்லை, படம் கம்ப்யூட்டர்ல நொடியில வந்துரும். ஒவ்வொரு தடவையும் உருண்டை உருண்டையாவே இருந்துச்சு. “இந்த மாசம் தப்பிச்சோம்”னு ஈஸ்வரி சொல்லுவா. தர்ஷினி கைத்தடியை வெச்சுக்கிட்டு வராந்தாவுல ரவுண்டு அடிப்பா.

பழனிசாமி இதுக்கு நடுவுல ஒரு வேலை பண்ணி வெச்சிருந்தாரு. புள்ளை சென்னிமலைக்குத் தன் கால்லயே படியேறி வருவான்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டாராம். ஒவ்வொரு தடவையும் போறப்பக் கதவுகிட்ட நின்னு, “படியேறலாமுங்களா?”ன்னு கேப்பாரு. ஆகாதும்பேன். அடுத்த தடவையும் கேப்பாரு. ஒரு நாள் எனக்குப் பொறுமை போயிருச்சு. அத்தனை படியை இந்தக் காலோட ஏற விடுவீங்களா, உங்க சாமிக்குக் கொஞ்ச நாள் பொறுக்கத் தெரியாதான்னு சத்தம் போட்டேன். அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சு.

“சாமி எத்தனை நாள்னாலும் பொறுத்துக்குமுங்கம்மா. அவ ஏறறதைப் பாக்காம எனக்குத்தானுங்க பொறுக்க மாட்டேங்குது.”

மூடுன தட்டு

உருண்டை பொழைச்சுக்கிச்சுங்க. அந்த நூல் அந்து போகலை. ஊணலாம்னு சொன்னேன், நடக்கலாம்னு சொன்னேன், கடைசியாப் படியேறலாம்னும் சொன்னேன். ஏறிட்டு வந்துட்டாங்க, பின்னாலயே தண்ணி பாட்டிலோட ஏறுன பழனிசாமிதான் நடுவுல உக்காந்துட்டாராம். அதோட முடிஞ்சுதுன்னு அவங்க நெனைச்சாங்க. எனக்கு முடியலை. ஒரு பக்கம் சரிஞ்ச புள்ளைக்கு அடுத்த பக்கமும் சரியலாம், அவ வளர்ற வரைக்கும் அந்தப் பயம் இருக்கு. அந்த மெத்துன்னு இருக்கற தட்டு இறுகி எலும்போட எலும்பா மூடுனாத்தான் பயம் போகும். அதனால விடாம வரச் சொல்லிட்டே இருந்தேன். வருவா, உசரமாகி உசரமாகி வருவா. ஊரே கண்ணு வைக்கற மாதிரி வளர்றா, எனக்கோ அவ வளரவளரப் பதைப்பு.

போன வாரம் வந்தா. படம் திரையில வந்துச்சு. வலது பக்கம் ஸ்க்ரூவோட எப்பவோ ஒட்டுனது, கல்லு மாதிரி நிக்குது. இடது பக்கத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். தட்டு இருந்த எடத்துல கோடே இல்லை. மூடிருச்சு! ஈஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டுனேன். அவளும் என் தோளைப் புடிச்சுக்கிட்டா. “கண்ணு, தட்டு மூடிருச்சு, இனி இடுப்பு சரியவே சரியாது, நீ இங்க வரவே வேண்டாம்”னு சொல்லிட்டு அவளைக் கட்டிப்புடிச்சுக்கிட்டேன். பழனிசாமி கையைக் கூப்பிக்கிட்டு நிக்கறாரு. அடிக்கடி வந்து போன புள்ளை, இனி இந்தக் கதவு வழியா வர மாட்டான்னு நெனைச்சதும் எனக்கும் கண்ணு நெறைஞ்சுபோச்சு. அவளும் தேம்பித் தேம்பி அழறா. என்னைப் பிரியறோமேன்னு அழறான்னு நெனைச்சு முதுகைத் தடவிக் குடுத்தேன். என் கையை விலக்கிட்டு, திரையில இருந்த அந்தப் படத்தைக் கோபமாக் காட்டிக் கேட்டா:

“அப்ப இனிமே நான் உசரமே ஆக மாட்டேனுங்களா? எங்கம்மா உசரம் கூட இன்னும் வரலீங்களே டாக்டர்!”

புள்ளைங்க வளர்றதைப் பாத்து ஊரே சந்தோசப்படறப்ப, எப்படா நிறுத்துவாங்கன்னு முருகனைக் கும்பிட்டு, நிறுத்துனதும் இனி வர மாட்டாங்களேன்னு ஏங்கற பொழப்புங்க எங்க பொழப்பு.